உஷார்! ‘நம்ம பய ரூம் இருக்குல்ல’ என்று கிளம்பிவிடாதீர்கள்

“மக்கா, ஒண்ணும் யோசிக்காத. விசிட்ல ஏறி வா. நம்ம ரூம் இருக்கு, சாப்பாடு இருக்கு. வேலய வந்து பாத்துக்கிடலாம்.”

இப்படி ஒரு வாய்ஸ் நோட் நம் தூத்துக்குடிப் பக்கத்துச் சாயர்புரத்துப் பையன் யாருடைய செல்போனிலாவது வந்து கிடந்தால், டிக்கெட் போடுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

கூப்பிட்டவன் ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்லவில்லை. அவன் தங்கமான பையன். சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஏஜென்ட் என்றால் நாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதியை இழுத்தடிக்கிறோம். கூடப் படித்தவன், ஒரே கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடியவன் கூப்பிட்டால் மட்டும் வாயே திறப்பதில்லை. அந்த ரூம் யார் பேரில் இருக்கிறது? என்னைச் சேர்த்துக்கொள்ள உனக்கு அனுமதி உண்டா? நான் மாட்டினால் உனக்கு என்ன ஆகும்? இதைக் கேட்டால் அவன் மனசு சங்கடப்படுமே என்று நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால் இரண்டு குடும்பம் சேர்ந்து தெருவுக்கு வரலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் போய் ஊர்க்காரன் இடத்தில் ஒதுங்குவது நமக்குப் பழகிய வழிதான். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினால் கடை வைத்திருக்கும் நம் ஆள் ஒருவர் இருப்பார். மாடியில் பாய் விரித்துக்கொள்ளலாம். வேலை கிடைக்கிறவரை சோற்றுக்குக் கவலையில்லை. அந்த வசதிக்கே 1948க்குப் பிறகு ஆபத்து வந்துவிட்டது. இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து, பெர்மிட் இல்லாமல் போனவனுக்குக் கள்ளத்தோணி என்ற பெயரும் வந்து சேர்ந்தது. முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் பழக்கம் மட்டும் இன்னும் அந்தப் பழைய கப்பலிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

துபாயிலிருந்து தொடங்குவோம். நம் பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் முதலில் இறங்குவது அங்கேதான்.

நண்பன் ‘நம்ம ரூம்’ என்கிறானே, அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தேராவிலோ சத்வாவிலோ பழைய கட்டடம். ஒரு பெட்ரூம் வீடு. ஹாலின் நடுவே பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இரு பக்கமும் இரண்டடுக்குக் கட்டில்கள். கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டித் துணி தொங்கும். அந்தத் துணிக்கு உள்ளே இருக்கிற மூன்றடிதான் அவனுக்குச் சொந்தமான இடம். பாத்ரூமுக்குக் காலையில் முறை வைத்து நிற்க வேண்டும். அடுப்படியில் மெஸ் கணக்கு நோட்டு தொங்கும். உங்கள் நண்பன் தன் கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கீழே படுப்பான். நம் பிள்ளைகளின் குணம் அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில், அங்கே ‘இஜாரி’ என்பார்கள், இருப்பது ஒரே ஒரு ஆளின் பெயர். அது உங்கள் நண்பன் பெயராக இருக்க வாய்ப்புக் குறைவு. அவனே இன்னொருவரிடம் மாதவாடகைக்கு ஒரு பெட் ஸ்பேஸ் எடுத்திருக்கிறான். கணக்குப்படி பார்த்தால் அந்த வீட்டில் அவனும் ஒரு விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் நீங்கள் போகிறீர்கள்.

இதனால் என்ன வரும் என்கிறீர்களா? உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் உள்வாடகைக்கு விட்டால், வாடகைக்காரரையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்தே காலி செய்ய வைக்கலாம் என்கிறது துபாயின் 2007ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 2022 செப்டம்பரில் நிலத்துறை இன்னொரு உத்தரவு போட்டது. வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்களோ அத்தனை பேரையும் செயலியில் பதிவு செய்ய வேண்டும். 2025 ஜூனில் மாநகராட்சி அல் ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்பறைகளுக்கு எதிராக இறங்கியது. பிளைவுட்டைப் பெயர்த்துவிட்டால் அத்தனை கட்டில்காரர்களும் பெட்டியோடு வெளியே வர வேண்டியதுதான். அப்படி ஒரு நாளில் பதிவில் இல்லாத கூடுதல் தலை உங்களுடையதாக இருந்தால், நண்பன் தன் படுக்கையைத் தேடுவானா, உங்களுடையதையும் சேர்த்துத் தேடுவானா?

அதற்கு முன்பே, விசாவிலேயே தட்டிவிடலாம். 2024 கடைசியிலிருந்து துபாய் விசிட் விசாவுக்குப் பிடி இறுகிவிட்டது. திரும்பி வரும் டிக்கெட் கேட்கிறார்கள், ஹோட்டல் புக்கிங் கேட்கிறார்கள். நண்பர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் அவருடைய இஜாரி, எமிரேட்ஸ் ஐடி, விசா நகல் எல்லாம் வேண்டும். கையிலோ கார்டிலோ 3,000 முதல் 5,000 திர்ஹம் வரை காட்டச் சொல்கிறார்கள். பெட் ஸ்பேஸ்காரனிடம் இஜாரி எங்கே இருக்கும்? உடனே ஏஜென்ட் ஒரு யோசனை சொல்வார்: கேன்சல் பண்ணுகிற மாதிரி ஒரு ஹோட்டல் புக்கிங் போட்டுக்கொள்ளலாம். அதற்குத் தலையாட்டினால், இமிகிரேஷன் கவுண்டரில் “எங்கே தங்கப் போகிறாய்?” என்று கேட்கும்போது முதல் வாக்கியமே பொய்யாகிவிடும்.

வேலை கிடைக்கவில்லை, தேதி முடிகிறது, “இன்னும் பத்து நாள் பாப்போம்டே” என்பான் நண்பன். உஷார்! முன்பு விசிட் விசாவுக்குப் பத்து நாள் சலுகை இருந்தது. 2023இல் துபாய் அதை எடுத்துவிட்டது. முதல் நாளிலிருந்தே தினம் 50 திர்ஹம் ஏறும். மூன்று மாதம் இழுத்தால் 4,500 திர்ஹம். நம்ம காசுக்கு ஒரு லட்சம் ரூபாய். இதற்கு நடுவே விசா எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் தன் தலை தப்ப, நீங்கள் தலைமறைவு என்று அப்ஸ்காண்டிங் கேஸ் போட்டுவிட்டால், அபராதத்தைக் கட்டினாலும் கதை முடியாது. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்புக் கொடுத்தார்கள். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருப்பவர்களும் அந்தக் கட்டில்களில் இருக்கிறார்கள்.

விசிட்டில் இருந்துகொண்டே ஒரு கடையில் நிற்கலாம் என்பதும் முடிந்த கதை. 2024 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். அப்புறம் எந்த முதலாளி உங்களுக்காகத் துணிவார்? துணிகிற ஒருவர் கிடைத்தால் அவரைக் கண்டும் பயப்பட வேண்டும். சம்பளம் தராவிட்டால் போய்க் கேட்க உங்களுக்கு வாசல் கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சிங்கப்பூர் என்றால் இன்னும் கண்டிப்பு. அங்கே போகிறவனைவிடக் கதவு திறக்கிறவன்தான் நடுங்க வேண்டும். விசா முடிந்து தங்கியிருப்பவரைத் தெரிந்தோ, தெரிந்துகொள்ள அக்கறையில்லாமலோ வீட்டில் வைத்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. “கவனிக்கவில்லை ஐயா” என்றாலும் விடமாட்டார்கள். அசல் பாஸைப் பார்க்க வேண்டும், அதைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும், அது செல்லுமா என்று குடிநுழைவுத் துறையிடமோ வேலை கொடுத்தவரிடமோ உறுதி செய்ய வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் கடமை தவறியதாகவே கணக்கு. சொந்த மச்சினனிடம் பாஸ்போர்ட்டைக் காட்டு என்று கேட்க நம் ஊர்ப் பெண்ணுக்கு வாய் வருமா? வர வேண்டும். கேட்டால் நீங்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கிவிட்ட ஆணுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படியும் அங்கே சட்டத்தில் இருக்கிறது. பிரம்படி என்றால் பள்ளிக்கூடத்துப் பிரம்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

சவுதியில் உள்துறை அமைச்சகம் வாராவாரம் ஓர் அறிவிப்பு விடுகிறது. சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவரை வண்டியில் ஏற்றினாலோ தங்க வைத்தாலோ 15 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரியால் வரை அபராதம், வீடும் வண்டியும் பறிமுதல். கஃபீலை, அதாவது ஸ்பான்சரை, விட்டு ஓடி ‘ஹுரூப்’ ஆனவருக்கு இடம் கொடுப்பதும் அங்கே குற்றம்தான். “பாவம், ஊர்க்காரன், ரெண்டு நாள் இருந்துட்டுப் போட்டும்” என்று சொல்லும் இளகிய மனசுக்காரன்தான் இதில் முதலில் விழுகிறான்.

இங்கிலாந்து கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே நண்பனைச் சும்மா விருந்தாளியாக வைத்திருந்தால் ஒன்றுமில்லை. “செலவுக்கு ஏதோ குடுடே” என்று மாதாமாதம் வாங்கத் தொடங்கினால் அவன் வீட்டிலிருக்கும் வாடகைக்காரன் ஆகிவிடுகிறான். அவனுக்கு அங்கே தங்க உரிமை இருக்கிறதா என்று சரிபார்க்காமல் வைத்திருந்தால் முதல் தடவையே 5,000 பவுண்டு வரை போகும். 2024 பிப்ரவரியிலிருந்து இந்தத் தொகை. படிக்கப் போன பிள்ளைகள் ஆறேழு பேர் ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறார்களே, அவர்கள் காதில் இதை யாராவது போட வேண்டும்.

அடுத்தது பெட்டி. இதைத் தாய்மாருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிள்ளை புறப்படுகிறான் என்றால் அடுப்படி இரண்டு நாள் தூங்காது. உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், நெத்திலிக் கருவாடு. தங்க இடம் கொடுக்கிற பையனுக்கென்று தனியாக ஒரு பொட்டலம். அதுவரைக்கும் சரி. “குருமாவுக்கு ஆகும்யா” என்று ஒரு கைப்பிடி கசகசாவைத் தாளில் மடித்து உள்ளே செருகுகிறீர்களே, அங்கேதான் வினை. அரபு அமீரகத்திலும் சவுதியிலும் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும் தடைப்பொருள். சிங்கப்பூரிலும் அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது. பாட்டியின் மூட்டுவலிக்கு எழுதிக்கொடுத்த ட்ரமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக், எல்லாம் இதே கதைதான். கவுண்டரில் அம்மா வைத்துவிட்டார்கள் என்று அழுதால் கேட்பார் இல்லை.

அடுத்த தெருக்காரர் கொண்டுவந்து தரும் பொட்டலம் அதைவிட மோசம். “உன் கூட ரூம்ல இருக்கான்ல, அவன் கிட்ட குடுத்துரு.” வாங்காதீர்கள். 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஒரு இளந்தம்பதி கத்தாருக்குப் போனார்கள். தேனிலவுப் பயணம். டிக்கெட் எடுத்துக்கொடுத்தது கணவனின் அத்தை. அதோடு ஒரு பொட்டலமும் கொடுத்தார். புகையிலை, தெரிந்தவரிடம் கொடுத்துவிடு என்றார். தோஹா விமான நிலையத்தில் பிரித்தால் 4.1 கிலோ ஹாஷிஷ். ஆளுக்குப் பத்து ஆண்டு சிறை. மனைவி அப்போது கர்ப்பிணி. குழந்தை ஜெயிலில் பிறந்தது. இங்கே போதைத் தடுப்புப் பிரிவு விசாரித்து, அரசு பேசி, மேல்முறையீடு நடந்து, 2021 மார்ச்சில் விடுதலையானார்கள். கொடுத்தது யாரோ முன்பின் தெரியாத ஆள் இல்லை, சொந்த அத்தை. அத்தையையே பிரித்துப் பார்க்க வேண்டிய காலத்தில், அடுத்த தெரு அண்ணாச்சியைப் பிரித்துப் பார்ப்பதில் மரியாதைக் குறைச்சல் ஒன்றுமில்லை. அவர் முன்னாலேயே பிரியுங்கள். கோபித்துக்கொண்டால் பொட்டலத்தை அவரே எடுத்துக்கொண்டு போகட்டும்.

திரும்பி வரும்போதும் இதே பாட்டுதான். மூன்று மாதம் சோறு போட்டவன், “வீட்டுக்கு ஒரு சின்னச் செயின், கழுத்துல போட்டுட்டுப் போயிரு” என்பான். முடியாது என்று சொல்ல நாக்கு எழாது. ஆனால் கஸ்டம்ஸ்காரர் கண்ணுக்கு நீங்கள் தங்கம் கடத்தும் குருவிதான்.

பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரல் 15. துபாய் தேராவில் அல் ராஸ் பகுதியில் ஒரு குடியிருப்பில் தீ. 16 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. இறந்தவர்களில் ஒரு கேரளத் தம்பதி, அன்று விஷு என்பதால் நோன்பு திறக்கும் பக்கத்து நண்பர்களுக்குச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூன் 12இல் குவைத் மங்காஃபில் கம்பெனி தொழிலாளர் குடியிருப்பில் தீ. குறைந்தது 45 இந்தியர் மாண்டார்கள், அவர்களில் 7 பேர் தமிழர்கள். கம்பெனி தங்கவைத்த ஆட்கள் என்பதால், உள்ளே யார் இருந்தார்கள் என்று போய்க் கேட்க ஒரு இடமாவது இருந்தது. இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது.

நண்பனின் கட்டிலில் பதிவில்லாமல் படுத்திருப்பவனுக்கு அந்த இடமும் இல்லை. எந்தத் தாளிலும் அவன் பெயர் கிடையாது. முறையாக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கிப் போகிற தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். பத்தாம் வகுப்பு முடிக்காமல் ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளையை “கிளியரன்ஸ் தொல்லை எதுக்கு, விசிட்ல போ, அங்க மாத்திக்கலாம்” என்று அனுப்புகிறவர்கள், அந்தப் பத்து லட்சத்தையும் சேர்த்துக் கிழித்துத்தான் அனுப்புகிறார்கள்.

தாய்லாந்திலிருந்து நண்பன் கூப்பிட்டால் இதில் எதையும் யோசிக்க வேண்டாம், போகவே வேண்டாம். டைப்பிங் வேலை, டாலரில் சம்பளம், ரூம் சாப்பாடு இலவசம் என்பான். பாங்காக்கில் இறங்கியதும் வண்டியில் ஏற்றி ஆற்றைத் தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய்விடுகிறார்கள். ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்துவைக்கும் முகாம்கள் அவை. 2022 அக்டோபரில் 13 தமிழர் மீண்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து 549 இந்தியரை விமானப்படை ஏற்றி வந்தது. கூப்பிட்ட நண்பனே அங்கே அடிவாங்கிக்கொண்டு, ஆள் பிடித்துத் தந்தால்தான் விடுவார்கள் என்ற நிலையில் பேசியிருக்கலாம். குரல் அவனுடையதுதான், வார்த்தை அவனுடையதாக இருக்காது.

இதெல்லாம் அந்த ஊர் கெடுபிடி, நம் ஊரில் அப்படி இல்லை என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு, கோயில் அசன விருந்துக்கு, கல்யாணத்துக்கு என்று கனடா பாஸ்போர்ட்டோடும் இங்கிலாந்து பாஸ்போர்ட்டோடும் கூடப் படித்தவர்கள் நம் வீட்டுக்கும் வருகிறார்கள். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது ஹோட்டலுக்கு மட்டும் போட்ட விதி என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளுக்கும் அது உண்டு. அதற்குக் காலங்காலமாக இருந்தது ‘சி’ படிவம். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டமும் வந்துவிட்டது. பிடி இறுகியிருக்கிறதே தவிரத் தளரவில்லை. கனடாவில் பிறந்து 1840களில் சாயர்புரத்தில் வந்து பள்ளி நடத்திய ஜி.யு. போப், பிற்பாடு திருக்குறளை விருந்தோம்பல் அதிகாரத்தோடு சேர்த்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். இன்று அவர் வந்து நம் வீட்டில் தங்கினாலும் நாம் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

சரி, போகவே கூடாதா? போகலாம். நண்பன் வீட்டில் தங்கவும் செய்யலாம். ஆனால் டிக்கெட்டுக்கு முன்னால் அவனிடம் இஜாரி நகலைக் கேளுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அந்த ஆள், உங்களைத் தங்க வைக்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், வாயால் சொன்னது போதாது. உங்கள் பெயரைப் பதிவில் சேர்க்க முடியுமென்றால் போய் இறங்கிய வாரத்திலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள். முடியாதென்றால் ஹோட்டலுக்கோ அனுமதியுள்ள விடுதிக்கோ பணம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பகலில் அவன் ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. விசா முடியும் தேதியை வீட்டில் அப்பாவிடமும் சொல்லிவையுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு வேலை உறுதியாகாவிட்டால், நண்பன் எவ்வளவு தடுத்தாலும் விமானம் ஏறிவிட வேண்டும். பெட்டியை நீங்களே அடுக்குங்கள், நீங்களே பூட்டுங்கள்.

இருக்க இடம் கொடுக்கும் பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். ஊரிலிருந்து யாராவது வருகிறேன் என்றால் “வாடே” என்று சொல்லுமுன் வீட்டுக்காரரைக் கேட்டுவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊர்க்காரனிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். ஒரு வருஷம் பேசாமல் இருப்பான். உங்கள் பெயரில் கேஸ் வந்து நீங்கள் நாடு கடத்தப்பட்டால், அவனுக்கும் சேர்த்து யார் பதில் சொல்வது?

மாட்டிக்கொண்டால் அழைக்க இரண்டு எண். அயலகத் தமிழர் நலத்துறை: இந்தியாவுக்குள் 1800 309 3793. அமீரகத்தில் இருந்தால் இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் 800 46342, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். செல்போனில் மட்டும் பதிந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள். பிடிக்கிறவர்கள் முதலில் கேட்பது செல்போனைத்தான்.